ஹைலைஃப்

கானாவில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் பரவிய நடன இசை. சொல்லுக்கு நேர்ப்பொருள் மேட்டுக்குடி வாழ்வு. பெயர் வைத்தவர்கள் வாத்தியக்காரர்கள் அல்லர், வெளியே நின்றவர்கள். 1920களில் அக்ராவின் ராட்ஜர் கிளப் போன்ற இடங்களில் நுழைவுக் கட்டணமே சுமார் ஏழரை ஷில்லிங். உயரமான தொப்பியும் விருந்து உடையுமாக ஜோடி ஜோடியாக உள்ளே போவார்கள். வாசலில் கூடிப் பாட்டைக் கேட்ட எளிய ஜனங்கள் அதை ஹைலைஃப் என்றார்கள். அந்நாளைய இசைக்குழுத் தலைவர் யெபுவா மென்சா, ஆய்வாளர் ஜான் காலின்ஸிடம் சொன்ன விளக்கம் இது. ஏக்கமும் குத்தலும் கலந்த இந்தப் பெயரே நிலைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

இசையின் வேர் இன்னும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளில் இருந்த மேற்கிந்தியத் தீவுப் படையினரின் பித்தளை வாத்தியக் குழுக்களைக் கேட்டு, உள்ளூர்க்காரர்கள் ‘அடாஹா’ என்ற இசை வகையை உருவாக்கினார்கள். ஊதுகருவி வாங்க வழியில்லாத ஊர்களில் குரலும் பறைகளுமாக ‘கொன்கோமா’ என்ற இசை வகை எழுந்தது.

1950களில் ஹைலைஃபின் மன்னராகப் போற்றப்பட்டவர் யெபுவாவின் தம்பி ஈ.டி. மென்சா. புதிதாகக் கேட்பவர்கள் அவருடைய ‘ஆல் ஃபார் யூ’ பாட்டிலிருந்து தொடங்கலாம்.