எய்க்கன், ஜோன் (1924–2004)

ஆங்கில எழுத்தாளர். உண்மை வரலாற்றில் தோற்றுப்போன அரச மரபு ஒன்றுக்கு முடிசூட்டி, அந்த ஒரே மாற்றத்தின்மேல் ஒரு நாட்டையே எழுப்பிய சிறார் நாவல் வரிசையால் புகழ்பெற்றவர். இங்கிலாந்தின் ரை நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்கக் கவிஞர் கான்ராட் எய்க்கன். தாய் கனடா நாட்டவர். பன்னிரண்டு வயதுவரை தாயிடம் வீட்டிலேயே படித்தார். போர்க்காலத்தில் இலண்டனில் ஐ.நா. தகவல் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

முதல் கதைத்தொகுப்பு 1953இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே சமயம் ஒரு நாவலையும் தொடங்கினார். கணவர் நோயுற்று 1955இல் இறந்தார். இரு சிறு குழந்தைகளோடு ஆர்கோசி இதழில் வேலை பார்த்துவந்த எய்க்கனுக்கு, பாதியில் நின்ற கைப்பிரதியைத் தொடரப் பல ஆண்டுகள் ஆயின. 'தி வுல்வ்ஸ் ஆஃப் வில்லபி சேஸ்' என்ற பெயரில் அது 1962இல் அச்சேறியது.

நாவலில் 1832இல் ஸ்டூவர்ட் மரபின் மூன்றாம் ஜேம்ஸ் அரியணை ஏறுகிறார். டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடிச் சுரங்கம் அப்போதுதான் முடிந்திருக்கிறது. கடுங்குளிருக்கு அஞ்சிய ஓநாய்கள் அதன் வழியே ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்துவிடுகின்றன. (உண்மையான சுரங்கம் 1994இல்தான் திறக்கப்பட்டது.) பனியிரவில் ரயிலில் போகும் சிறுமி சில்வியாவின் பெட்டிக்குள் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓநாய் ஒன்று பாய்கிறது, எதிரே இருந்தவர் உடைந்த கண்ணாடித் துண்டாலேயே அதைக் குத்திக் கொல்கிறார். மாற்று வரலாறு என்ற பெரிய விஷயம் இங்கே ஒரு குழந்தையின் மடியில் சிதறிய கண்ணாடியாக வந்து விழுகிறது.

வரலாறு எந்த இடத்தில் கிளை பிரிந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்த 1688 என்பர் சிலர். ஹனோவர் மரபு ஆட்சிக்கு வந்த 1714 என்று கொள்ளவும் இடமுண்டு. எதுவாயினும், உண்மையில் ஸ்டூவர்ட் ஆதரவாளர்கள் செய்த சதிகளை இங்கே ஹனோவர் ஆதரவாளர்கள் செய்கிறார்கள்.

இரண்டாம் நாவலில் (1964) டைடோ ட்வைட் வருகிறாள். அழுக்குச் சட்டையும் ஓயாத வாயுமாகத் திரியும் இந்த இலண்டன் சிறுமி கடலில் மூழ்கிவிட்டதாகவே அந்நூல் முடிகிறது. வாசகச் சிறுமி ஒருத்தி கேட்டுக்கொண்டதால் ஆசிரியர் அவளை மீட்டார் என்பர். 'நைட்பேர்ட்ஸ் ஆன் நான்டக்கெட்' (1966) நூலில் பத்து மாத உறக்கத்துக்குப்பின் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலில் கண்விழிக்கிறாள். அந்தக் கப்பலின் தலைவர் தேடி அலைவது ஓர் இளஞ்சிவப்புத் திமிங்கிலத்தை. சதிகாரர்களோ அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்தே இலண்டன் அரண்மனையைத் தகர்க்கப் பீரங்கி அமைக்கிறார்கள். 'தி குக்கூ ட்ரீ' (1971) நாவலில் முடிசூட்டு விழாவின்போது செயின்ட் பால் தேவாலயத்தையே உருளைகளின்மேல் தேம்ஸ் ஆற்றுக்குள் சரிக்கத் திட்டமிடுகிறார்கள்.

'தி விஸ்பரிங் மவுன்டன்' (1968) கார்டியன் பரிசு பெற்றது. அதை இவ்வரிசையில் சேர்ப்போர் நூல்கள் பன்னிரண்டு என்பர். சேர்க்காதோர் பதினொன்று என்பர். 1980களிலும் 90களிலும் வரிசை தொடர்ந்தது. முதல் நாவல் 1989இல் திரைப்படமானது. எய்க்கன் 2004 ஜனவரி 4 அன்று மறைந்தார். இறுதி நூல் 2005இல் வெளிவந்தது. அதிலும் டைடோ இருக்கிறாள்.