முதல் தண்ணீர்

ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பாதையில் இறங்கி, வாழப்பாடி தாண்டி ஆத்தூர் வரை போனால் கண்ணுக்கு எட்டியவரை குச்சிக்கிழங்குக் காடுதான், அதாவது மரவள்ளி. என் அம்மாயி அந்தக் கிழங்கை மூடிபோட்டு வேகவைக்க விட்டதே இல்லை. முதல் கொதி வந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவார். வடித்த தண்ணீரை ஆடு குடித்துவிடாமல் தள்ளிப் போய்க் கொட்டுவார்.

காரணம் கிழங்குக்குள் இருக்கும் லினமாரின். கீறினால், நசுக்கினால், கிழங்கிலேயே உள்ள நொதி அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்துவிடும். அது தண்ணீரில் கரையும், 26 டிகிரியிலேயே ஆவியாகும்.

தென்னமெரிக்காவில் பிறந்த கிழங்கு இது. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசிக்காக இதைப் பரப்பினார். சேலத்தில் இதைத் தொழிலாக்கியவர் ஒரு மீன் வியாபாரி, மாணிக்கம் செட்டியார். கேரளத்துக்குப் போய்வந்த பழக்கத்தில் கிழங்கு மாவின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. போரில் மலாயா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோன காலம். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்குச் செய்முறை தெரியும். 1943-ல் இருவரும் சேர்ந்து கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மறு ஆண்டே பஞ்சம். கிழங்குப் பொருள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று ஆட்சியர் தடை போட்டார். ஆலைக்காரர்கள் 1945-ல் அதை நீக்கவைத்தார்கள்.

சேகோ எனப்படும் ஜவ்வரிசி ஆலையில் நடப்பதும் அம்மாயி செய்த வேலைதான், அளவு மட்டும் பெரிது. தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் தெளியவிடுகிறார்கள். அடியில் படிந்த மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயப்போடுகிறார்கள். சக்கை திப்பி என்று மாட்டுத் தீவனமாகிறது. நஞ்சில் பெரும்பங்கு தண்ணீரோடு போகிறது, மிச்சம் சூட்டில் பறக்கிறது.

அந்தத் தண்ணீர் ஓடையில் விழுந்தது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, விலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அதைப் பெருமையாக எழுதுகிறவர்கள், ஓடையோரக் கிணறுகள் நாறிப்போனதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும் என்று கேட்கிறேன். இப்போது பல ஆலைகள் அந்தக் கழிவுநீரை மூடிய தொட்டியில் அடைத்து எரிவாயு எடுக்கின்றன.