பால்வாடிக்கு வந்த பணம்

தமிழ்நாட்டில் எந்த ஊரில் இறங்கி "பால்வாடி எங்கே?" என்று கேட்டாலும் வழி சொல்ல ஆள் இருக்கும். பலகையில் 'குழந்தைகள் மையம்' என்றோ 'அங்கன்வாடி' என்றோ எழுதியிருக்கலாம். ஊராருக்கு அது பால்வாடிதான். அங்கே பாடம் சொல்லித் தருபவர் பால்வாடி டீச்சர், கூட இருப்பவர் ஆயா. ஓர் அறை, அதையொட்டிச் சமையல் கட்டு, சுவரில் ஆனா ஆவன்னா, மூலையில் எடை பார்க்கும் கருவி. இந்தச் சின்ன இடத்துக்குள் டெல்லியின் மானியம், உலக வங்கியின் கடன், மாநில பட்ஜெட் என்று பல கைப்பணம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பணமும் தனக்கென ஒரு நிபந்தனையோடு வந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு என்ன கிடைக்கும், அதன் அம்மாவுக்கு என்ன கிடைக்காமல் போகும் என்பதை அந்த நிபந்தனைகளே முடிவு செய்தன.

அரசு இந்தப் பக்கம் திரும்புவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால மந்திர் ஒன்றை நிறுவினார். 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் அவரை இங்கேயே நிறுத்திவைத்தது. இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். ஆனால் அவருடைய முறையில் நடந்த பள்ளிகளில் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே படித்தார்கள். அந்த முறைக்குத் தேவையான விலையுயர்ந்த மரக்கருவிகளை வாங்க எல்லாராலும் முடியுமா?

கிஜுபாயிடம் வேலை பழகிய தாராபாய் மோடக் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டார். 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பாலர் பள்ளியைத் திறந்தபோது, வறிய வீட்டுப் பிள்ளைகள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போக வேண்டும் என்று அவரும் அவரோடு பணியாற்றிய அனுதாய் வாகும் சேரிக்குள்ளேயே போய், வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். கருவிகளுக்குப் பதில் விதை, இலை, கிளிஞ்சல், கூழாங்கல். பிறகு கோஸ்பாட் மலையில் வார்லி பழங்குடியினரிடையே இதே வேலையைத் தொடர்ந்தார்கள். 'அங்கன்' என்றால் முற்றம்; இன்று நாடு முழுவதும் புழங்கும் அங்கன்வாடி என்ற பெயர் அந்த முற்றங்களிலிருந்து வந்ததுதான்.

சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்குள் இந்தப் பிள்ளை நுழைந்தது வேறு வழியாக. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆனது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இதே போன்ற கடமையை எஸ்டேட் முதலாளிகள் மீது வைத்தது. கடல் தாண்டி இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தோட்டப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகுமுன் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் போவது வழக்கம். இந்த ஏற்பாடுகளில் அரசின் பணம் இல்லை. முதலாளி கட்டிக் கொடுக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும். நாற்று நடுபவருக்கும் வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் கட்டட வேலையில் செங்கல் சுமப்பவருக்கும் அப்படி ஒரு கூரை அந்தச் சட்டங்களில் எழுதப்படவில்லை. நாட்டின் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையினர் அவர்கள்தான் என்பதை நினைத்தால், சட்டம் எவ்வளவு குறுகலான வாசலைத் திறந்தது என்பது புரியும்.

அரசு மானியம் என்ற வடிவம் வந்தது 1953இல். மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டு, துர்காபாய் தேஷ்முக் அதன் முதல் தலைவரானார். சென்னையில் ஆந்திர மகிள சபாவை வளர்த்தவர் அவர். பெண்கள் அமைப்புகளால் என்ன முடியும் என்பதைக் கையால் செய்து பார்த்து அறிந்தவர். தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து அவர்கள் மூலம் சேவையை விரிப்பது வாரியத்தின் வழி. பல ஊர்களில் பாலர் பள்ளிகள் அப்படித்தான் முளைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் இந்த முறைக்குள்ளேயே ஒரு குறை ஒளிந்திருந்தது. சங்கம் இருக்கும் ஊருக்கு மானியம் போகும். விண்ணப்பம் எழுதவும் கணக்குக் காட்டவும் ஆள் இல்லாத ஊரில் பசித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு காசு போகாது.

1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. தாய்மார் மண்ணும் கல்லும் சுமக்க, பிள்ளைகள் புழுதியில் கிடந்தன. அதைப் பார்த்த மீரா மகாதேவன் அந்த இடத்திலேயே ஒரு கூடாரம் போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார். 'மொபைல் கிரஷஸ்' என்ற அமைப்பு அங்கே பிறந்தது. கட்டடம் முடிந்து தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்குப் போனால் காப்பகமும் பின்னாலேயே போகும். காந்தியின் பெயரால் கட்டிய கட்டடத்தின் காலடியில் இது தொடங்கியது என்பது இந்த வரலாற்றில் நெஞ்சைத் தொடும் இடம்.

அதற்கு மூன்றாண்டு கழித்து, 1972இல், மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்துக்காக ஓர் ஆய்வுக் குழு பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். தமிழ் வாசகர்கள் அவரை வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று அறிவார்கள். எழுத்தாளர் கிருத்திகாவின் மகள் என்பது பலருக்குத் தெரியாது. உணவு ஒரு துறை, ஊசி ஒரு துறை, பாட்டும் விளையாட்டும் இன்னொரு துறை என்று பிள்ளையைப் பங்கு போடக் கூடாது, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அறிக்கையின் சாரம். 1975 அக்டோபர் 2 அன்று 33 ஒன்றியங்களில் சோதனை முறையில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோது அந்தக் கருத்துக்கு உருவம் கிடைத்தது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்குச் சத்துணவு விளக்கம் ஆகிய ஆறும் ஒரே கூரையின் கீழ். நடத்தும் செலவு மத்திய அரசுடையது, உணவுச் செலவு மாநிலங்களுடையது. அங்கன்வாடி நடத்தும் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்தான். அன்று போட்ட அந்த ஒரு முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

தமிழ்நாட்டின் கதை இங்கே தனியாகக் கிளை பிரிகிறது.

1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. இலக்கு 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மட்டும். மாதம் தவறாமல் ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். கோடு ஏறினால் சரி. ஏறாமல் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் தினமும் ஓர் உருண்டை; தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்து ஊர்ப் பெண்கள் குழுவே பிடித்த உருண்டை. எடை தேறியதும் உருண்டை நிற்கும். எல்லாருக்கும் கொடுக்காமல், தேவைப்படும் பிள்ளைக்குத் தேவைப்படும் காலத்துக்கு மட்டும் கொடுப்பதால் செலவு மிச்சமாகும் என்பது கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. 173 ஒன்றியங்களுக்கு விரிந்த இந்தத் திட்டத்தில் கடுமையான ஊட்டச்சத்துக் குறை மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உலகெங்கும் ஊட்டச்சத்துப் பாடநூல்களில் அது எடுத்துக்காட்டாகப் போனது.

இதற்கு நேர் எதிரான எண்ணத்தோடு 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எடை பார்த்துப் பிரிப்பது இல்லை. பந்தியில் உட்காரும் பிள்ளைக்கெல்லாம் சோறு. பள்ளிப் பிள்ளைகளோடு 2 வயது முதல் 5 வயது வரையுள்ள சிறுவர்களும் இதில் இருந்தார்கள். அவர்களுக்காகவே கிராமம் கிராமமாகக் குழந்தைகள் மையங்கள் திறக்கப்பட்டன. செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தன. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் ஆயா. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் அன்று கடுமையாக விமர்சித்தார்கள். சோற்றோடு சேர்ந்து அந்தப் பணம் ஆயிரமாயிரம் பெண்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு வேலையையும் மரியாதையையும் கொடுத்தது என்பதை அந்த விமர்சனம் பார்க்கத் தவறியது. 1980களில் ஒரே ஊரில் எடை பார்க்க ஒரு மையமும் சோறு போட இன்னொரு மையமுமாக நடந்த இடங்கள் உண்டு. ஒன்று கடனில் பிறந்தது, மற்றது மாநில பட்ஜெட்டில். பின்னர் மெல்ல மெல்ல இரண்டும் அங்கன்வாடிக்குள் வந்து சேர்ந்தன.

எந்த முறை மேல் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். எடை அட்டை மருத்துவ ரீதியாகக் கூர்மையானது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வேரூன்றி நின்றது பொதுப் பந்திதான். எல்லா வீட்டுப் பிள்ளையும் போகும் இடமானதால், மூடினால் ஊரே கேள்வி கேட்கும். எந்த ஆட்சி வந்தாலும் அதில் கை வைக்கத் துணியாது. 1989இல் ஆட்சி மாறியபோது திட்டம் நிற்கவில்லை, முட்டை சேர்ந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி 2004இல் ஆறு மாநிலங்களில் நடத்தி 2006இல் வெளியான 'ஃபோகஸ்' ஆய்வில் தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் இருந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

மற்ற மாநிலங்களை அசைக்க உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. 2001இல், தானியக் கிடங்குகள் நிரம்பி வழியும்போது மக்கள் பசியில் கிடக்கிறார்கள் என்று பி.யு.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் ராஜஸ்தான் கிளை வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவானது: நாட்டில் குறைந்தது 14 லட்சம் மையங்கள் வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்து மையம் இல்லாத கிராமத்தார் கேட்டால் மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். மானியம் தரலாம், தராமலும் இருக்கலாம் என்ற நிலை மாறி, கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதில் உணவுப் பகுதியைச் சட்டமாக்கியது.

இவ்வளவுக்கும் நடுவே ஒன்று மட்டும் அனாதையாக நின்றது. வேலைக்குப் போகும் தாயின் நேரம்.

பல மாநிலங்களில் அங்கன்வாடி மதியத்தோடு மூடிவிடும். தமிழ்நாட்டில் மாலை நெருங்கும்வரை திறந்திருந்தாலும், இரண்டு வயது நிரம்பாத குழந்தை அங்கே தங்குவதில்லை; சத்துமாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கென 1975இலேயே ஒரு மத்திய மானியம் உண்டு. 2006இல் அது 'ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம்' என்று புதுப்பிக்கப்பட்டது. அதன் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காப்பகத்தில் 25 குழந்தைகள், மாதம் 26 நாள். குழந்தை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு உணவுக்கு 2 ரூபாய் 8 காசு. ஊழியர்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 2,000 ரூபாய். மருந்து, சில்லறைச் செலவு 350 ரூபாய். உணவிலும் சில்லறைச் செலவிலும் பத்தில் ஒரு பங்கை நடத்தும் நிறுவனமே போட வேண்டும் என்பதால், அரசு கொடுத்தது ஒரு காப்பகத்துக்கு மாதம் 3,532 ரூபாய். ஆறு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமந்து, கழுவி, ஊட்டி, தூங்க வைக்கும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தவர்கள், அந்த வேலையை வேலையாகவே எண்ணவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

விளைவு தெரிந்ததே. 2010களின் தொடக்கத்தில் 20,000த்தைத் தாண்டியிருந்த இந்தக் காப்பகங்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 7,000க்கும் கீழே போய்விட்டன. 2017இல் பொறுப்பு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டு, செலவில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 30, நிறுவனத்துக்கு 10 சதவீதம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. அந்தக் கைமாற்றத்தில் பல காப்பகங்களுக்குப் பணம் வராமலே கதவு சாத்தப்பட்டது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஐந்து பிள்ளைகளோ அதற்குமேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும் என்ற விதி இருந்தும், ஏரிக்கரை மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு மண் வெட்டும் தாய்மாரைப் பார்க்காத மாவட்டம் இல்லை.

2022இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரல் 25 அன்று குஜராத்திலிருந்து வந்த வழக்கில், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரை நூற்றாண்டாக 'தொண்டர்' என்றே வைத்திருந்தவர்களை உழைப்பவர் என்று ஏற்ற தீர்ப்பு அது. அதே ஆண்டு காப்பகத் திட்டம் 'பால்னா' என்ற புதிய பெயரோடு வந்தது. 17,000 அங்கன்வாடிகளில் காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது இலக்கு. நாட்டில் அங்கன்வாடிகள் ஏறத்தாழ 14 லட்சம். இலக்கு முழுவதும் நிறைவேறினாலும் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு மையங்களில்தான் தாய் வேலை முடிந்து வரும்வரை விளக்கு எரியும். மற்ற ஊர்களில் வயலுக்கும் மில்லுக்கும் போகும் பெண்கள் பாட்டியிடமோ மூத்த மகளிடமோதான் குழந்தையை விட்டுப் போகிறார்கள், அந்த மகளுக்கு அன்றைக்குப் பள்ளி இருந்தாலும்.