தொலைவும் நேரமும்

‘எவ்வளவு தூரம்?’ என்று ஒருவர் வினவினால், ‘இத்தனை மணி நேரம்’ என்று விடை பகர்வது இக்கால வழக்கம். ஓசூர்ச் சாலையில் நாள்தோறும் சென்று வரும் நம் காலனி அன்பர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. தொலைவை நேரத்தால் அளக்கும் இவ்வழக்கம் வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றபோது, பயணத்தை நாட்களால் எண்ணினர். ஆகாய மார்க்கம் திறந்த பின்னரே மணிக் கணக்குப் பிறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா, தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து சிறு விமானம் ஒன்றைத் தாமே செலுத்திப் பம்பாய் சேர்ந்தார். வழியில் அகமதாபாத்தில் அதற்கு வேண்டிய எரிபொருள் மாட்டு வண்டியில் வந்ததாம்! அத்தபாலை நெவில் வின்சென்ட் என்பார் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். 1948 ஜூன் 8 அன்று பம்பாயை விட்டுப் புறப்பட்ட ‘மலபார் பிரின்சஸ்’ விமானம், கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, 10ஆம் தேதி லண்டனை அடைந்தது.

நம் எலெக்ட்ரானிக் சிட்டி, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் ஊன்றிய வித்து. மென்பொருள் தொழில் வளர வளர, கலிபோர்னியாவுடன் உறவு இறுகிற்று. நம் பிள்ளைகள் பலர் அங்குக் குடியேறினர். 2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும், சான் பிரான்சிஸ்கோ செல்வோர் இடையில் விமானம் மாறியே சென்றனர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம், ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் செலுத்த, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து, எங்கும் நில்லாமல் பெங்களூர் வந்து சேர்ந்தது.

இரு நகரங்களுக்கும் நேர்த் தொலைவு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். அதாவது 8,700 மைல். வடக்கே செல்வானேன் எனலாம். உலக உருண்டையின் மீது இரு ஊர்களையும் ஒரு நூலால் இணைத்து இழுத்துப் பிடித்தால், நூல் வட துருவப் பகுதியை ஒட்டியே நிற்கும். தட்டையான படம் மறைக்கும் உண்மையை உருண்டை காட்டிவிடும். அவ்விமானம் 9ஆம் தேதி இரவு புறப்பட்டு 11ஆம் தேதி விடியுமுன் இறங்கியது. ஆயினும் பறந்தது 17 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். எஞ்சியது, குளிர்காலத்தில் இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இடையேயுள்ள பதின்மூன்றரை மணி வேற்றுமை.

வழித்தடங்கள் தோன்றும், மாறும், நிற்கும். தொலைவோ ஓரடியும் குறையவில்லை, குறைந்தது நேரமே. கப்பலேறியவர் பல்லாண்டு ஊர் திரும்பாததில் வியப்பில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் போதுமென்றான பின்பு, நம் பிள்ளைகள் வந்து பெற்றோரைக் காண வேண்டாவா? பேரக் குழந்தைகளின் செவியில் தமிழ் விழ வேண்டாவா? விடுப்பும் செலவும் தடையாதல் உண்மையே. ஆயின் நம்மைப் பெற்றவர் வாழும் தருமபுரியும் சேலமும் நமக்குச் சில மணி நேர வழிதானே! விஞ்ஞானம் மிச்சம் பிடித்துத் தந்த நாட்களை உறவுக்கு ஈவோமாக. பிறருக்கு உரைக்குமுன் அதனை நாமே தொடங்குவோமாக.