சுமைதாங்கி

தங்கச்சிக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். தாமிரபரணிக்குக் குளிக்கப் போற வழியில ஒரு சுமைதாங்கி உண்டு. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒண்ணைப் படுக்க வச்சிருக்கும். தலைச்சுமையோட வர்றவங்க துணையில்லாம இறக்கி வச்சு இளைப்பாறலாம். சின்ன வயசுல அதுமேல ஏறிக் குதிச்சிருக்கேன்.

"அது பிள்ளைத்தாச்சியா செத்தவளுக்கு நட்ட கல்லுல்லா"ன்னு ஆச்சி இப்பதான் சொன்னா. வயித்துச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, ஊரார் சுமை இறக்க வீட்டுக்காரங்க நடுறதாம். தென்மாவட்டங்கள்ல பல ஊர்ல இந்த வழக்கம் இருந்திருக்கு மக்கா.

1987ல தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை ஆரம்பிச்சப்ப கொடுத்தது 300 ரூபாய். 2006ல 6,000, 2011ல 12,000, 2018ல 18,000. இதுல 4,000 ரூபாய்க்கு இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் பெட்டகமா வருது.

தங்கச்சிக்கு வந்த பெட்டகத்துல பேரீச்சம்பழத்துல கைவச்சேன். ஆச்சி கையில ஒண்ணு போட்டா. "அவ உசுரோட இருக்கையில குடுக்கதுலே இது!"

திரும்பி வர்றப்ப அந்தக் கல்லுமேல உக்காரத் தோணல. தொட்டுட்டு வந்தேன். உங்க ஊர்ப் பக்கமும் இருக்கும், பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.