செயப்பாட்டு எச்சமும் முன்னிடைத் தொடரும்: ஆங்கிலத் தொடரியலில் ஓர் உரிமைச் சிக்கல்

1. பொருளும் எல்லையும்

ஆங்கிலத்தில் 'டு' சேர்ந்து வரும் வினையெச்சம் செயப்பாட்டு வடிவம் கொள்ளும்போது 'டு பி ஸென்ட்' (அனுப்பப்பட), 'டு ஹாவ் பீன் ஸென்ட்' (அனுப்பப்பட்டிருக்க) என்று அமையும். பள்ளி இலக்கணங்கள் வடிவத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்த எச்சத்தை ஒட்டி 'பை', 'டு', 'ஃபார்', 'ஆன்', 'வித்' போன்ற முன்னிடைச் சொற்கள் வந்து சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

எச்சத்துக்கென்று தனி எழுவாய் பெரும்பாலும் வெளிப்படையாக இராது. செயப்பாட்டு வினையிலோ செய்தவரைச் சொல்லாமலே விடலாம். ஆகவே செயப்பாட்டு எச்சத்தில் இரண்டு இடங்கள் ஒருசேரக் காலியாகின்றன. யாரால், யாருக்கு, எதற்குள் என்பதையெல்லாம் பின்னால் வரும் முன்னிடைத் தொடர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தொடர் வாக்கியத்தில் உள்ள எந்த வினைக்கு உரியது என்று காட்டும் அடையாளம் எதுவும் ஆங்கிலத்தில் இல்லை. இக்கட்டுரை இந்த உரிமைச் சிக்கலைப் பற்றியது. 'டு' இல்லாத வெற்றெச்சத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2. 'டு' வந்த வழி

எச்சத்தின் முன் நிற்கும் 'டு' தொடக்கத்தில் முன்னிடைச் சொல்லாகவே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் வினையெச்சம் '-அன்' என்று முடியும். 'டோ' முன்னால் வந்தால் அது பெயர்போல வேற்றுமை ஏற்று '-என்னெ', '-அன்னெ' என்று திரியும். இடைக்கால ஆங்கிலத்தில் ஈறுகள் தேய்ந்து மறைந்தபின் 'டு' தன் ஆட்சியை இழந்து எச்சத்தின் வெறும் அடையாளமாயிற்று. அது வலுவிழந்ததால் நோக்கப் பொருளை உணர்த்த 'ஃபார்' என்பதையும் முன்னால் சேர்த்தார்கள். கவிஞர் சாசர் காலத்தில் இந்த இரட்டை வடிவம் சாதாரணம். இன்று அது வட்டார வழக்குகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'டு' எச்சத்துக்குச் செயப்பாட்டு வடிவம் மிக அரிது. செய்வினை வடிவமே செயப்பாட்டுப் பொருளையும் தாங்கியது. அதன் சுவடுகள் இன்றும் உண்டு: வாடகை வீட்டுப் பலகையில் எழுதும் 'டு லெட்', குற்றம் சாட்டும்போது சொல்லும் 'ஹி இஸ் டு பிளேம்'. இரண்டிலும் பொருள் செயப்பாடு, வடிவம் செய்வினை. மற்ற இடங்களில் இடைக்காலத்திலிருந்து 'டு பி' வடிவம் பரவியது.

பழைய முன்னிடைச் சொல்லான 'டு'வும் சாகவில்லை. 'லுக் ஃபார்வர்ட் டு', 'அப்ஜெக்ட் டு' ஆகியவற்றில் இருப்பது அதுதான். அதன்பின் எச்சம் வராது, தொழிற்பெயரே வரும்: 'லுக் ஃபார்வர்ட் டு பீயிங் இன்வைட்டட்'. நம் ஊர் விண்ணப்பக் கடிதங்களில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு பி கால்ட்' என்று எழுதுவது இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான். பொதுவாக எந்த முன்னிடைச் சொல்லின் பின்னும் 'டு பி' வடிவம் நிற்காது. 'அபவுட் டு பி ஸோல்ட்' (விற்கப்படவிருக்கிற) என்பதும், 'நத்திங் பட் டு பி லெஃப்ட் அலோன்' (தனியே விட்டால் போதும்) என்பதில் உள்ள 'பட்'டும் விதிவிலக்குகள்.

3. செய்தவரைக் காட்டும் சொல்

செயப்பாட்டில் செய்தவரைக் குறிக்க இன்று 'பை' என்பதே வழக்கு. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரம்', 'த்ரூ' ஆகியவற்றின் மூதாதைகள் அந்த வேலையைச் செய்தன. இடைக்காலத்தில் 'ஆஃப்' மேலோங்கியது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். மத்தேயு நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில் யோவானிடம் ஞானஸ்நானம் பெறுவதும், 4ஆம் அதிகாரத்தில் பிசாசால் சோதிக்கப்படுவதும் செயப்பாட்டு எச்சங்களாகவே வருகின்றன, இரண்டிலும் 'ஆஃப்'. 1946இல் வந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் அவை 'பை' ஆகிவிட்டன.

'பை' வென்றது, ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே வேறு சுமைகளும் இருந்தன. கருவி, வழி, கெடு எல்லாவற்றுக்கும் அதுவே. 'டு பி ஸென்ட் பை போஸ்ட் பை தி தாசில்தார் பை ஃப்ரைடே' என்று ஓர் அலுவலக உத்தரவு வந்தால் இலக்கணப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் தபாலில், தாசில்தாரால், வெள்ளிக்கிழமைக்குள் என்று உருபுகள் தனித்தனியே பிரிந்து நிற்கும். ஆங்கிலத்தில் பெயரின் பொருளைக் கொண்டே ஒவ்வொரு 'பை'யையும் இனம் காண வேண்டும். 'டு பி கம்ப்ளீட்டட் பை மார்ச்' என்றால் கெடு என்பது வெளிப்படை. மார்ச் என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக இருந்தால் வழக்குதான்.

4. பெயரைப் பிரிந்த முன்னிடைச் சொல்

தமிழ் மாணவருக்கு மிக அந்நியமாகத் தோன்றுவது 'டு பி லாஃப்ட் அட்', 'டு பி லுக்ட் ஆஃப்டர்', 'டு பி ரிலைட் ஆன்' ஆகிய அமைப்புகள். முன்னிடைச் சொல் முன்னே நிற்கிறது. அது தழுவ வேண்டிய பெயர் பின்னே இல்லை. தமிழ் வேற்றுமை உருபு பெயரை விட்டு இப்படித் தனியே நிற்காது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இது காணப்படுகிறது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் பதிப்பித்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இவ்வகைச் செயப்பாட்டைத் தனிப் பெயரிட்டு விரிவாகப் பேசுகிறது.

எல்லா முன்னிடைத் தொடரும் இதற்கு இடம் தராது. 'தி பெட் வாஸ் ஸ்லெப்ட் இன்' (கட்டிலில் யாரோ படுத்திருக்கிறார்கள்) சரி. கட்டிலில் சுருக்கமும் மடிப்பும் தெரியும். கட்டிலுக்குப் பதிலாக ஒரு நகரத்தின் பெயரை வைத்தால் வாக்கியம் நொண்டும். யாரோ ஓர் இரவு தூங்கியதால் நகரத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வினையால் பெயர் பாதிக்கப்பட வேண்டும், அல்லது வினையும் முன்னிடைச் சொல்லும் ஒரே பொருள் தரும்படி இறுகியிருக்க வேண்டும். 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) இரண்டாம் வகை.

எச்ச வடிவத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. செய்வினை எச்சமாக இருந்தால் முன்னிடைச் சொல்லுக்கு இரண்டு இருக்கைகள்: 'எ ஃப்ரெண்ட் டு ரிலை ஆன்' என்று கடைசியில் வைக்கலாம், 'எ ஃப்ரெண்ட் ஆன் ஹூம் டு ரிலை' என்று முன்னுக்கும் கொண்டுவரலாம். செயப்பாட்டில் முன்னிருக்கை அடைபட்டுவிடுகிறது. 'எ ஃப்ரெண்ட் டு பி ரிலைட் ஆன்' ஒன்றுதான் வழி. 'ஆன்' தழுவ வேண்டிய பெயர் எழுவாயாக எழுந்து போய்விட்டது. இனி அதை அழைத்துக்கொண்டு முன்னே போக முடியாது. சில மரபுத் தொடர்கள் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே வருகின்றன. 'எ ஃபோர்ஸ் டு பி ரெக்கன்ட் வித்' (லேசில் ஒதுக்க முடியாத சக்தி), 'நாட் டு பி ஸ்னீஸ்ட் அட்' (அலட்சியப்படுத்தக் கூடாதது) ஆகியவை அப்படிப்பட்டவை.

'ஈஸி', 'டஃப்' போன்ற பெயரடைகள் வேறு குணம் உடையவை. 'ஷி இஸ் ஈஸி டு டாக் டு' (அவரிடம் பேசுவது எளிது) சரி. 'ஈஸி டு பி டாக்ட் டு' தவறு. 'ஈஸி'யின் எழுவாய்தான் எச்சத்துக்குள் 'டு'வின் பின் உள்ள வெற்றிடத்தை நிரப்புகிறது. செயப்பாட்டாக்கினால் அந்த வெற்றிடமே இல்லாமல் போகும். 'ஃபிட்' இருபுறமும் சாயும்: 'ஃபிட் டு லிவ் இன்', 'ஃபிட் டு பி லிவ்ட் இன்' இரண்டும் செல்லும். குடியிருக்கத் தக்க வீடு என்பதே இரண்டின் பொருளும்.

5. எந்த வினைக்கு உரியது?

'ஹி ஆஸ்க்ட் டு பி வோக்கன் அட் ஸிக்ஸ்'. ஆறு மணிக்குக் கேட்டாரா, ஆறு மணிக்கு எழுப்பச் சொன்னாரா? அருகில் உள்ள வினைக்கே தொடரை உரிமையாக்குவது வாசகர் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 'தி பேப்பர்ஸ் வேர் ஆர்டர்ட் டு பி பர்ன்ட் பை தி ஜட்ஜ்' என்பதில் அந்த வழக்கம் கைவிடும். நீதிபதி உத்தரவிட்டார் என்பதே இயல்பு. அருகாமையோ அவரே தீ வைத்தார் என்கிறது. மருந்து எளியது: ஒவ்வொரு 'பை'யையும் அதன் வினையை ஒட்டியே வைப்பது. 'ஹி இஸ் பிலீவ்ட் பை தி போலீஸ் டு ஹாவ் பீன் கில்ட் பை ராபர்ஸ்' (கொள்ளையரால் கொல்லப்பட்டதாகப் போலீஸ் நம்புகிறது) என்பதில் குழப்பமே இல்லை.

'அரேஞ்ச் ஃபார் ஹிம் டு பி மெட்' (அவரை எதிர்கொள்ள ஏற்பாடு செய்) என்பதில் உள்ள 'ஃபார்' பற்றி இலக்கணிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எச்சத்தின் எழுவாயை அறிமுகம் செய்யும் இணைப்புச் சொல்லே தவிர முன்னிடைச் சொல் அல்ல என்பதே எனக்கும் உடன்பாடு. 'ஹிம்' என்பவருக்காக ஏற்பாடு என்று பிரித்துப் படித்தால் 'டு பி மெட்' தலையற்றுப் போகும்.

5.1 இரட்டைச் செயப்பாடு

முதன்மை வினையும் எச்சமும் இரண்டுமே செயப்பாடாக வருவதை ஃபவுலர் 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்கு அகராதியில் தனித் தலைப்பிட்டுக் கண்டித்தார். 'ஆர்டர்ட் டு பி' அவருக்கு உடன்பாடே. 'ஸாட் டு பி', 'அட்டெம்ப்டட் டு பி' போன்றவையே அவர் குறி. காரணம் வலுவானது: காகிதங்கள் எரிக்கப்பட உத்தரவிடலாம், ஆனால் 'ஸீக்', 'அட்டெம்ப்ட்' ஆகியவை பெயரையும் எச்சத்தையும் அப்படிச் சேர்த்து ஏற்பதில்லை. செய்வினை மூலமே இல்லாத செயப்பாடு அது.

இந்திய நீதிமன்ற ஆங்கிலம் அந்தக் கண்டனத்தைப் பொருட்படுத்தவில்லை. 'தி டாக்குமெண்ட்ஸ் ஸாட் டு பி ரிலைட் அபான் பை தி பெட்டிஷனர்' (மனுதாரர் ஆதாரமாகக் கொள்ள விரும்பும் ஆவணங்கள்) என்பது நம் மனுக்களிலும் தீர்ப்புகளிலும் சர்வ சாதாரணம். இரட்டைச் செயப்பாடு, தனித்து நிற்கும் 'அபான்', செய்தவரைச் சொல்லும் 'பை' மூன்றும் இந்த ஒரே தொடரில் குடியிருக்கின்றன. ஆனாலும் யாரும் தடுமாறுவதில்லை. விரும்புகிறவரும் ஆதாரமாகக் கொள்கிறவரும் ஒருவரே ஆதலால் 'பை' எந்த வினைக்குப் போனாலும் பொருள் மாறாது. ஃபவுலர் ஒப்புக்கொண்ட 'ஆர்டர்ட் டு பி பர்ன்ட்' மயக்கம் தர, அவர் கண்டித்த அமைப்பு இங்கே தெளிவாக நிற்பது வேடிக்கைதான்.

எப்போதும் அப்படியல்ல. 'தி ஆர்டர் ஸாட் டு பி குவாஷ்ட் பை தி பெட்டிஷனர்' என்றால், உத்தரவை ரத்து செய்யக் கோருபவர் மனுதாரர்; ரத்து செய்வது நீதிமன்றம். 'பை' இங்கே அருகில் உள்ள 'குவாஷ்ட்' என்ற எச்சத்தைத் தாண்டிக் குதித்து 'ஸாட்' என்ற வினையிடம் போகிறது. இதை வாசகருக்குச் சொல்வது தொடரமைப்பு அல்ல, மனுதாரருக்கு ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது என்ற சட்ட அறிவு. அந்த அறிவு இல்லாதவருக்காக எழுதுவதென்றால் 'ஸாட்' என்பதை அடுத்தே 'பை தி பெட்டிஷனர்' வர வேண்டும்.