நானோ

கிரேக்கத்தில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். நம் பழஞ்சொல்லில் குறளன். மூவடியால் உலகளந்த வாமனனுக்கும் அதுவே பெயர். 1960இல் அனைத்துலக அளவை முறை இந்தக் குள்ளனை முன்னொட்டாக ஏற்று, நூறு கோடியில் ஒரு பங்கு என்று அளவு வகுத்தது.

கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதைப் பிடிக்கவும் குள்ளப்படைதான் வேண்டும். 2020இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் ‘சித்ரா மேக்னா’ தொகுப்பை உருவாக்கியது. சளி மாதிரியிலுள்ள வைரஸின் ஆர்என்ஏ, காந்தத் தன்மையுள்ள நானோ துகள்களில் ஒட்டிக்கொள்ளும். வெளியே காந்தம் வைத்தால் துகள்கள் ஒருபக்கம் திரளும், மற்றதைக் கழுவிவிடலாம். சிதறிக் கிடந்தது ஓரிடத்தில் சேர்வதால் சோதனைக்குப் போதிய ஆர்என்ஏ கிடைக்கும். இது மருந்தல்ல, நோயறியும் வழி. தடுப்பிலும் குள்ளன் உண்டு: எம்ஆர்என்ஏ தடுப்பூசியின் கொழுப்புறையும் நானோ துகளே.

தமிழில் ‘மீநுண்’ என்றும் எழுதுகிறார்கள். சிறுமை புரிகிறது, அளவு கிடைக்கவில்லை. நுண்ணோக்கியில் தெரிவதும் நுண்தானே! ‘நானோ’வே இருக்கட்டும் என்பேன். இலங்கைத் தமிழர் நெடிலைக் குறிலாக்கி ‘நனோ’ என்கிறார்கள். குள்ளனுக்கு அது இன்னும் பொருத்தம்.